இலங்கை 58

போன கிழமை என் மகன் கட்டிலில் குப்புறக் கிடந்து போனில் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தேசிய அணிகளின் தகுதிகாண் போட்டி, இலங்கை ஆடுகிறது என்றான். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பலகைத் தரையில் சப்பாத்துகள் கிறீச்சிடும் சத்தம். உங்களுக்கு அது சப்பாத்தாகவே கேட்கும். எனக்கு அது கரும்பலகையில் வெண்கட்டி வழுக்கும் சத்தம். பல்லுக் கூசியது, கூடவே அஸ்மியின் ஞாபகமும் வந்துவிட்டது.

அஸ்மியும் என்னைப்போல நிந்தவூர்க்காரன். கல்முனையில் ஒரே கந்தோரில் அடுத்தடுத்த மேசைகளில் எங்கள் முதல் உத்தியோகம். ஆறடி நாலங்குலம். வாசல் நிலையில் தலை இடிபடாமல் அவன் வேலைக்கு வந்த நாளே கிடையாது. நான் அவனுடைய தோளுக்கு வருவேன், அதுவும் எட்டி நின்றால். ஊர் முழுக்க உதைபந்துப் பைத்தியம். கூடைப்பந்துக்கென்று இருந்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரை மட்டும். வேளாண்மை வெட்டும் காலத்தில் அதன் வலப்பக்கத்தில் நெல்லைக் காயப்போட்டுவிடுவார்கள். இவன் மிச்சப் பாதியில் பந்து தட்டுவான். இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு போவதில் அவன் சூரனானது மாவடிப்பள்ளி வயல் நெல்லின் புண்ணியம் என்று நான் சொல்வேன். அவன் ஒத்துக்கொண்டதேயில்லை.

அவனைத் தேசிய அணிக்கு எடுத்தார்கள், பன்னிரண்டாவது ஆளாக. வெளிநாட்டில் தகுதிகாண் போட்டி, மூன்று ஆட்டங்கள். கொழும்பு பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "ஒவ்வொரு மெச் முடியவும் போன் எடுக்கிறன்டா. ஊராக்களுக்குச் சொல்லு. தோத்தாலும் சொல்லு" என்றான். அவனுக்குப் பொய் ஆகாது. வயிற்றுவலி என்று எல்லோரும் லீவு எழுதும் கந்தோரில், 'கடல் குளிக்க ஆசையாக உள்ளது' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அப்போது வீட்டில் போன் ஏது? பஸார் வீதியில் ஒரு தொலைபேசிக் கடை, பக்கத்தில் அலியார் காக்காவின் ஹோட்டல். ஹோட்டல் என்றால் தங்குகிற ஹோட்டல் இல்லை, பராட்டாவும் பிளேன்டீயும் விற்கிற கடை. அவருடைய கல்லில் இருந்து வரும் எண்ணெய் வாசத்துக்குள் நின்றுதான் முதல் அழைப்பை எடுத்தேன்.

"அம்பத்தெட்டுக்குத் தொண்ணூத்தொண்டுடா. நல்லாத் தோத்திட்டம். என்னை இறக்கவேயில்ல" என்றான் அஸ்மி. குரல் உடைந்திருந்தது.

ஹோட்டல் வாசலில் அன்றைய சாப்பாடுகளை எழுதும் கரும்பலகை உண்டு. பாபத், ஈரல், மீன் என்று இருந்ததன் கீழே 'இலங்கை 58' என்று எழுதினேன். மற்றப் பாதியை எழுதக் கை வரவில்லை. இரண்டு கோல் போட்டாலே வெடி கொளுத்தும் ஊர் அது. ஐம்பத்தெட்டு என்றால் கேட்க வேண்டுமா!

"அம்பத்தெட்டா! மாஷா அல்லாஹ்!" என்றார் அலியார் காக்கா. "மத்தாக்கள் எத்தினயாம்?"

"லைன் கிளியரில்ல காக்கா, கேக்கல்ல."

மூன்று ஆட்டத்துக்கும் லைன் கிளியராக இருக்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். நான் கெட்டிக்காரனும் இல்லையே. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அஸ்மிக்கு வரவேற்பு என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. ஆட்டோ ஊர்வலம், மாலை, பள்ளிக்கூட வளவில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றியிருந்து தின்னும் சஹன் சோறு. உண்மை தெரிந்தால் ஊர் அவனைப் பார்த்தல்லவா சிரிக்கும்? அதற்குப் பிறகு அவன் என் முகத்தில் முழிப்பானா?

ஊர்வலம் ஹோட்டலைக் கடக்கும்போது அவன் பலகையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மேடையில் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"மூண்டு மெச்சும் தோத்திட்டம். நான் ஆடினது நாலு நிமிசம். போட்டது ஒரே ஒரு பந்து. இந்த மாலைக்கு நான் உரித்தான ஆளில்ல."

நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அகப்பையும் கையுமாக அலியார் காக்கா சமையல் பக்கத்திலிருந்து சத்தம் வைத்தார்.

"தெரியும் மனே! ரேடியோவில கேட்டுக்கிட்டுத்தானே இருந்த நாங்க. கீழ இறங்கு, சோறு ஆறுது!"

ஊரே சிரித்தது. முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் பலகையை வாசித்து மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறார்கள்! எனக்குத் தூணோடு தூணாகிவிடலாம் போலிருந்தது.

"ஏன் காக்கா ஒருத்தரும் சொல்லல்ல?" என்று பிறகு கேட்டேன்.

"கூட்டாளிக்காகத்தானே எழுதின நீ. அத அழிச்சா உன்ட முகம் என்னத்துக்காகும்?" என்றுவிட்டு அடுத்த சஹனுக்குக் கறி ஊற்றப் போய்விட்டார்.

ஒரே சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். எனக்கு எதிரே அஸ்மி. பாதிச் சோறு முடிந்த பிறகு தன் பக்கமிருந்த இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினான்.

"முழுசா எழுதியிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க எண்டா நினைச்ச நீ?"

ஓம், அப்படித்தான் நினைத்தேன். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன்.

அந்தச் சீமெந்துத் தரைக்கு மேல் இப்போது மாடிக் கட்டடம். ஹோட்டல் இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். கடையை விட்ட அலியார் காக்கா சவளக்கடைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே மௌத்தானார். செய்தி போட்ட உடனே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் 'இன்னாலில்லாஹி' எழுதினார்கள். ஊரிலிருந்து ஜனாஸா அடக்கத்துக்குப் போக ஒரு வேன் பிடித்தோம், அதிலும் இடம் மிஞ்சியது. பின்னேரம், இப்போது கட்டாரில் இருக்கும் அஸ்மி போன் எடுத்தான்.

"எத்தின ஸஃப்புடா நிண்ட?"

ஜனாஸாத் தொழுகைக்கு எத்தனை வரிசை நின்றது என்று கேட்கிறான். பள்ளிவாசல் வளவு கொள்ளாமல் வீதியிலும் ஆள் நின்றது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"மூண்டு" என்றேன். "மூண்டுதான்டா."

அந்தப் பக்கம் அவன் அழத் தொடங்கினான்.