நான் போகாத ஏரிக்கரை

ஆவடிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் எதிரே கடை போட்டவனுக்கெல்லாம் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சாட்சிக் கையெழுத்து. தாள் வரும், கீழே போட்டுக் கொடுக்க வேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கூரியர்க்காரனுக்குப் போடுகிற மாதிரிதான் போட்டோம்.

அன்றைக்கும் ஸ்டேஷன் ரைட்டர் நாலு தாளோடு வந்தார்.

"அண்ணாத்தே, காப்பி எடு. அப்டியே ரெண்டு எடத்துல கையெழுத்தும் போட்டுக் குடு."

"இன்னா சார் கேசு?"

"உன் ஊட்டையா எழுதி வாங்குறேன்? போடு நைனா."

சிரித்துக்கொண்டே போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து பூந்தமல்லி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. போனேன். குற்றவாளி என்று நின்றவன் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன். மாடி ஏறி வந்து, செருப்பை வாசலில் விட்டு, அடுப்பில் மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். நடுவில் ஒருநாள் வேறு ஆள் வர ஆரம்பித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதை அவனுடைய வக்கீல்தான் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"செயின அறுத்தேன்னு உங்க முன்னாடிதான் ஒத்துக்கிட்டானாம். அப்புறம் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு உங்களையும் கூட்டிட்டுப் போய், புதர்லேர்ந்து செயின எடுத்துக் குடுத்தானாம்."

"நான் கடையவே தாண்டலியே சார்!"

"அதை உள்ள வந்து சொல்லுங்க. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாது. அடிச்சு வாங்குவாங்கன்னு சட்டத்துக்கே தெரியும். ஆனா அவன் சொல்லித்தான் பொருள் கிடைச்சதுன்னா அந்தத் துண்டு மட்டும் செல்லும். அங்கதான் உங்க கையெழுத்து இருக்கு."

சொன்னேன். நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை, அவன் பேசியதைக் கேட்கவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். உடனே அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி என்றார். போலீஸ் பக்கம் வந்துவிட்டுப் பேச்சு மாறியவனாம் நான்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"யாரு எதை நீட்டினாலும் படிக்காம போட்டுடுவீங்களா?"

"ஸ்டேஷன்லேர்ந்து நீட்னா போட்டுத்தான் சார் ஆவணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கூண்டில் நின்ற அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தீர்ப்பில் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டார்கள். ஏரிக்கரையைத் தள்ளவில்லை. நான் சொன்னதை நம்ப முடியாதாம், இன்ஸ்பெக்டர் சொன்னதை நம்பலாமாம். மூன்று வருஷம். செயினை அவன் அறுத்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த ஏரிக்கரையில் நான் இல்லை என்பது தெரியும். அதைச் சொல்லி ஒரு மயிரும் நடக்கவில்லை.

அப்பீல் போட வேண்டும் என்று அவன் மனைவி என் கடைக்கே வந்து காகிதக் கட்டை நீட்டினாள்.

"நீதான் நெஜத்த சொன்னியே அண்ணா. அப்பால ஏன் நம்பல?"

கட்டை வாங்கிப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தேன். என் கையெழுத்துப் போட்ட தாளும் வந்தது. முதலில் எடுத்தது மங்கலாக விழுந்ததால் அதை இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ரைட்டர் வேறொரு தாளோடு வந்தார். "படிச்சிட்டுத்தான் போடுவேன் சார்" என்றேன்.

"அடேங்கப்பா, நீ எப்ப வக்கீலுக்குப் படிச்சே?" என்று சிரித்தார். கோபப்படவில்லை. பக்கத்து ஜூஸ் கடைக்குப் போனார். "டேய், பார்த்துட்டுப் போடுடா!" என்று இங்கிருந்தே கத்தினேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.