ஒரே கிளாஸுக்கு மறுப்பு

என் அம்மா கோட்லீவ் பிப்ரவரியில் இறந்தார். வயது எழுபத்தொன்பது. பெல்ஜியத்தின் அவுடனார்டே ஊரில் ஆற்றுப் பாலத்தருகே நாற்பது ஆண்டுகள் பீர்க்கடை நடத்தினார். இரங்கல் அட்டையில் 'எல்லோரிடமும் இணக்கமானவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். பிழை. நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும்.

கடையில் முப்பத்தாறு வகை பீர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளாஸ். கோதுமை பீருக்குத் தடித்தது, கைச்சூடு ஏறாது. பொன்னிற பீருக்கு வாய் குவிந்தது, நுரை நிற்கும். மடாலயத்துக் கருப்பு பீருக்கு அகன்ற கிண்ணம். குடிக்கும்போது மூக்கும் உள்ளே போகும். அந்தக் கிண்ணங்கள் எல்லாம் மேசைகளில் இருந்தால் கருப்பு பீர் கிடையாது. "காத்திரு, இல்லன்னா வேற குடி" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதானபோது ஆலையிலிருந்து ஒரு தாள் வந்தது. இனி எல்லா பீருக்கும் ஒரே கிளாஸ். கையெழுத்திட்டால் குத்தகை நீளும். இல்லையென்றால் டிசம்பரோடு காலி செய்ய வேண்டும்.

நான் அழுத்தமானிகள் வடிவமைக்கும் பொறியாளர். நான் வசிக்கும் லூவெனிலிருந்து தொலைபேசியில் பேசினேன்.

"ரெண்டு கிளாஸ்லயும் ஊத்தி அளந்துட்டேம்மா. நுரை அடங்கறதுல நாப்பது செகண்டுதான் வித்தியாசம். கையெழுத்துப் போட்டுடு."

"நாப்பது செகண்ட் உனக்குச் சின்னதா? அடுத்த தடவை என்கிட்ட அவ்வளவு நேரம் பேசிப் பாரு."

வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நேரில் போனேன். ஆலை மேலாளர் ஸ்டெய்ன் ஏற்கெனவே புதிய கிளாஸ் பெட்டிகளோடு வந்திருந்தார். கழுவும் தண்ணீர், அலமாரி இடம், உடையும் எண்ணிக்கை என்று அரை மணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டினேன். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும்.

"ஒரு கருப்பு குடுங்கம்மா."

அம்மா அவர் பெட்டியிலிருந்தே ஒரு கிளாஸ் எடுத்தார். குளிர்ந்த நீரில் அலசினார். ஊற்றி வைத்தார். ஸ்டெய்ன் தாளைப் பார்த்தபடியே கிளாஸைப் புறங்கையால் தள்ளினார்.

"இதோட கிளாஸ் எங்கம்மா?"

ஜன்னலோர மேசையிலிருந்து ஃபிர்மின், ஓய்வுபெற்ற நெசவாலைக்காரர், எழுந்தார்.

"தம்பி, அது நீங்க கொண்டாந்ததுதான். அட்டைப்பெட்டி வாசனைகூட இன்னும் போகல!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஸ்டெய்னின் காதுகள் சிவந்தன.

"பழக்கம்மா. ஆனா மேலிடத்துல சொல்றத நான்..."

"மேலிடத்த வரச் சொல்லு. இதுலயே ஊத்தித் தரேன். அவங்க குடிக்கட்டும், அப்புறம் கையெழுத்து."

யாரும் வரவில்லை. குத்தகை நீளவில்லை. சிரிப்பு ஒப்பந்தத்தை மாற்றாது.

டிசம்பர் முப்பதாம் தேதி, தெருவுக்கு எதிர்ப்புறம் காலியாகக் கிடந்த சைக்கிள் கடைக்கு அம்மா மாறினார். வாடிக்கையாளர்கள் வரிசையாகத் தெருவைக் கடந்தார்கள். அவரவர் குடிக்கும் பீரின் கிளாஸை அவரவர் எடுத்து வந்தார்கள், இரு கைகளாலும் பிடித்து, மழையில். கார்கள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

நானும் ஒரு தட்டு நிறையச் சுமந்தேன். வாசலில் அம்மாவிடம் கடைசியாக ஒரு முறை சொன்னேன்:

"என் அளவு தப்பில்லம்மா."

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்? நான் போட மாட்டேன்னுதான் சொன்னேன். தள்ளு, வழிய மறிக்காத."

அங்கே பதினோரு ஆண்டுகள் நடத்தினார். கதவுக்கு மேல் எந்த ஆலையின் பலகையையும் மாட்டவிடவில்லை.