கிருபா இழுத்த கயிறு

கிருபாவுக்கு நாற்பத்தாறு வயது. முடிச்சூர் பக்கத்தில் குப்பை பிரிக்கிற கூடத்தில் பதினான்கு வருஷமாக வேலை. பால் கவர் எது, எண்ணெய் கவர் எது என்று கண்ணை மூடிக்கொண்டே விரல் நுனியில் சொல்லிவிடுவாள். காலையில் கையுறை மாட்டுகிறதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, ஊசியும் கண்ணாடியும் கையில் படாமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குப்பையைத் தொடுவாள்.

அங்கே இருந்த இருபத்திரண்டு பெண்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, தானாக வந்தது. சாமி சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் குப்பையோடு போக விடுவதில்லை. வீடு மாறுகிறவர்கள் கண்ணாடி உடைந்த முருகன் படத்தைப் போட்டுவிடுவார்கள். மழைக்காலம் முடிந்தால் தண்ணீரில் ஊறின வேதப்புத்தகம் வரும். எடுத்து, துடைத்து, மூலையில் இருக்கும் நீல டிரம்மில் வைப்பார்கள். மாதக் கடைசியில் படங்களை ரத்தினம் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைப்பாள். வேதப்புத்தகத் தாள்களைக் கிருபா ஆலய வளாகத்தில் குழி வெட்டிப் புதைப்பாள்.

"உன் ஆளு உனக்கு, என் ஆளு எனக்கு. சண்டையே இல்ல பாரு" என்பாள் ரத்தினம்.

ரத்தினமும் கிருபாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரத்தினத்தின் புருஷன் குப்புராஜுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கை. வீடு கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியானம் மணி அடித்ததும் ஓடிப்போய், அவனைத் திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு, தான் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடி வருவாள்.

அப்படி இருக்கையில்தான் மிஷின் வந்தது.

குப்பையைப் பெல்ட்டில் கொட்டினால் அது நகர்ந்து போகும். மேலே ஒரு பெட்டிக்குள் கேமரா. இது பாட்டில், இது அட்டை என்று அதுவே பார்த்து, ஊதுகுழாயால் காற்றடித்து அதனதன் தொட்டியில் தள்ளிவிடும். அதை நடத்த வந்த இன்ஜினியர் சின்மயி என்கிற சின்னப் பெண். மரியாதையாகப் பேசுவாள்.

"இன்னாமா, அதுக்கு எல்லாமே தெரிஞ்சிடுமா?" என்று ரத்தினம் கேட்டாள்.

"பெரும்பாலும் தெரியும்க்கா. கறுப்பா இருக்கறதுதான் அதுக்குச் சரியாத் தெரியாது."

"எங்க மாமியாரும் அப்டித்தான். என்னக் கண்ணெடுத்தே பாக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து சூப்பர்வைசர் தயாளன் சொன்னதைக் கேட்டு அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. இனிமேல் கூடத்துக்கு ஆறு பேர் போதும். பெல்ட் தொடங்குகிற இடத்தில் நின்று, மிஷினில் சிக்குகிற கயிறு, துணி, தென்னமட்டை இவற்றைப் பொறுக்கவேண்டும். மற்றவர்கள் பேட்டரி வண்டியோடு தெருத்தெருவாகப் போகவேண்டும். வண்டலூர் வரைக்கும் சுற்ற வேண்டிவரும், மத்தியானம் நடுவில் வர முடியாது.

"மூணு நாள் சோதனை ஓட்டம். மூணாவது நாள் ஆபீசருங்க வர்றாங்க. பெல்ட் ஓரமா சிவப்புக் கயிறு இருக்கு பாருங்க. ஆளுக்கு ஆபத்துன்னாதான் இழுக்கணும். சும்மா இழுத்தா அவங்க தெருவுக்குத்தான்."

சோதனைக்கு நின்ற ஆறு பேரில் கிருபாவும் ரத்தினமும் இருந்தார்கள். கிருபாவுக்கு முழங்கால் தேய்மானம். நிற்கமுடியும், நடக்கத்தான் முடியாது. ரத்தினத்துக்கு என்ன கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது நாள் காலை ஆபீசர்கள் வந்து நின்றார்கள். பெல்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது தேங்காய் மட்டைக்கு நடுவில் ஒரு புத்தகம் வருவதைக் கிருபா கண்டாள். கறுப்பு ரெக்ஸின் அட்டை, சுற்றிலும் ஜிப், தாள் ஓரமெல்லாம் சிவப்பு. அவள் வீட்டில் ஜெபத்துக்கு எடுக்கிற புத்தகமும் அச்சாக அப்படித்தான். கையை நீட்டினாள், எட்டவில்லை. புத்தகம் நகர்ந்து போனது. ரத்தினம் நிற்கிற இடம் வரைக்கும் இரண்டு எட்டு கூடவே போனாள். முன்னால் மிஷின் வாய் தெரிந்தது. வேறொன்றும் யோசிக்கவில்லை. பக்கத்தில் தொங்கின கயிற்றை இழுத்துவிட்டாள்.

எல்லாம் நின்றது. ஓவென்ற சத்தம் ஓய்ந்து ஊதுகுழாய் மட்டும் சீறிற்று. பின்னால் ஆட்கள் கொட்டிக்கொண்டிருந்த குப்பை மேலே மேலே குவிந்து தரையில் சரிந்தது.

கிருபா புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஜிப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஆட்களின் பெயர், போன் நம்பர், பாலிசி நம்பர். யாரோ ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டின் பழைய டைரி.

தயாளன் ஓடி வந்தார். கயிறு எந்த இடத்தில் இழுபட்டதோ அதற்கு நேர்மேலே விளக்கு எரியும். ரத்தினத்தின் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளோ குனிந்து ஒரு நைலான் கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"ரத்தினம்! யாருக்கு என்ன ஆச்சுன்னு இழுத்த?"

"நான் எங்க சார் இழுத்தேன்?"

"உன் லைட்டுதான எரியுது. அப்ப வேற யாரு?"

ரத்தினம் நிமிர்ந்து பார்த்தாள். கிருபா கையில் இருந்த டைரியைப் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். "தெரியாது சார்" என்றாள்.

கிருபா சொல்ல வாயெடுத்தாள். முழங்கால் நினைவுக்கு வந்தது. அவமானம் பிடுங்கிற்று. வேதப்புத்தகத்துக்காக நிறுத்தினேன் என்றாலாவது சொல்லலாம், டைரிக்கு நிறுத்தினேன் என்று எந்த முகத்தை வைத்துச் சொல்வது? அதற்குள் தயாளன் ஆறு பேர் பட்டியலில் ரத்தினத்தின் பெயரை அடித்துவிட்டார். மறுபடி மிஷின் ஓட அரைமணி நேரமாயிற்று. ஆபீசர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள்.

மத்தியான மணி அடித்தது. ரத்தினம் வழக்கம்போல வீட்டுக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தைக் கிருபா பார்த்துக்கொண்டே நின்றாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஸ்தோத்திரம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறவள், அன்றைக்குக் கண்ணை மூடினால் ஒரு வார்த்தையும் வரவில்லை. புத்தகத்தைக் காப்பாற்றப்போய், அதைக் கொடுத்த ஆண்டவருடைய முகத்தைப் பார்க்கமுடியாமல் உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தாள். டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

ஆபீஸ் அறையில் தயாளனும் சின்மயியும் இருந்தார்கள்.

"சார், கயித்த இழுத்தது நான்தான். ரத்தினம் இல்ல."

"அட போம்மா. ஃபிரெண்டுக்காக வந்து நிக்கிறியா?"

"சத்தியமா நான்தான் சார். அந்த டைரிய வேதப்புத்தகம்னு நெனச்சிட்டேன். குப்பையோட போயிடுமேன்னு மனசு கேக்கல."

"காலையில ஏன் வாய மூடிட்டு இருந்த?"

"பயம் சார். அது தப்புதான்."

தயாளன் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு டைரிக்கு எங்க மானத்த வாங்கிட்டியே!"

சின்மயி மேஜையைப் பார்த்தபடியே கேட்டாள். "அக்கா, இன்னொரு தடவை அந்த மாதிரி வந்தா இழுக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க. நான் சார்கிட்ட பேசிப் பாக்கறேன்."

கிருபா யோசித்தாள். மாட்டேன் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் இரண்டு பேருமே இருந்துவிடலாம்போலத் தோன்றிற்று. "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றாள். "வந்தா இழுத்துடுவேன். ஒரே நாள்ல ரெண்டாவது பொய் வேணாம்."

சின்மயி பேனாவை எடுத்து, ரத்தினத்தின் பெயரை மறுபடி எழுதினாள். கிருபாவின் பெயரை அவள் அடிக்கவில்லை. தயாளன்தான் அடித்தார்.

ரத்தினம் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு எரிந்து விழுந்தாள். "உன்ன யாருடி கேட்டது? நான் ஏதாவது வழி பண்ணிகினு இருப்பேன். முட்டிய வெச்சிகினு நீ எப்டி வண்டியோட நடப்ப?"

"இழுத்தது நான்தானக்கா."

"பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு!" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு பேசவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து கிருபா பேட்டரி வண்டியோடு தெருவில் போனாள். பகல் முழுக்கக் குப்பை எடுத்து, கூடத்துக்குக் கொண்டுவந்து கொட்டவேண்டும். சாயங்காலத்தில் முழங்கால் பானைமாதிரி வீங்கிவிடும். ஆனாலும் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வந்தது. அது போதும் என்றிருந்தாள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் வண்டி சீக்கிரமே நிறைந்துவிட, மத்தியானமே கூடத்து வாசலுக்கு வந்தாள். ஈரக் குப்பைக் கூடை கனத்தது. தூக்கமுடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடின ரத்தினம் இரண்டு எட்டு தாண்டிப்போய் நின்றாள். திரும்பி வந்தாள்.

"அந்தப் பக்கம் புடி" என்றாள்.

இருவருமாகக் கூடையை இறக்கினார்கள். இன்னும் ஒன்று இருந்தது. அதையும் இறக்கினார்கள்.

"அண்ணன் எப்படியிருக்காரு?" என்று கிருபா கேட்டாள்.

"கஞ்சிக்குக் காத்துகினு கீறாரு" என்று சொல்லிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி ரத்தினம் ஓடினாள்.