வெர்னியர் படம் போடத் தெரிந்தவள்

ஒரு மாணவிக்குப் பாடம் வந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆறு வருடமாகப் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி. உள்தேர்வுக்கு முன்னால் 'முக்கியமான கேள்விகள்' என்று ஒரு தாள் கொடுப்பது இங்கே வழக்கம். நானும் கொடுத்தேன்; தேர்விலும் அதிலிருந்தே கேட்டேன். எல்லோரும் தேறினார்கள். கற்றல் இலக்கு எட்டப்பட்டது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய எளாவூர்ப் பெண், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனாள். இரண்டாம் நாளே என் மேசை முன் வந்து நின்றாள். அங்கே மேற்பார்வையாளர் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்டின், அதாவது உருளைத் தண்டின், விட்டத்தை அளக்கச் சொல்லியிருக்கிறார். இவளுக்கு அளக்கத் தெரியவில்லை.

"இன்னாம்மா, ஃபர்ஸ்ட் மார்க்குன்னு சொன்ன, சும்மா பாத்துக்கினு நிக்கிற? கத்துக்கினு அடுத்த மாசம் வா" என்று அனுப்பிவிட்டாராம்.

"படம் போட்டு பாகம் குறின்னு கேட்டிருந்தா போட்டிருப்பேன் மேடம்" என்றாள்.

பட்டறைக் கழிவில் ஷாஃப்டுகளைப் பொறுக்கி வந்து அடுத்த தேர்வை வைத்தேன். கேள்வித்தாள் கிடையாது. அளந்து காட்டி, ஏன் அந்த அளவு என்று எனக்குச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை.

"இன்னா மேடம், நல்லா போய்க்கினு இருந்த ரிசல்ட்ட நீங்களே கவுத்துட்டீங்க" என்றார் துறைத் தலைவர்.

தேறாதவர்களுக்கு மாலையில் மறுபடி மறுபடி தேர்வு வைத்தேன். அந்த மூன்று வாரமும் பகல்நேரக் காப்பகத்திலிருந்து கடைசியாக வீட்டுக்குப் போன குழந்தை என் இரண்டு வயது மகள்தான். செய்வது சரிதானா என்று ரயிலில் தினமும் குழம்பினேன்.

ஒரு மாலை அந்த எளாவூர்ப் பெண் நான் எடுத்த அளவையே மறுத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். இந்த வெர்னியர மூடினா ஜீரோல நிக்கல. நீங்க அந்த வித்தியாசத்தக் கழிக்கவே இல்ல."

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

"மேடம் ஃபெயிலு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. வகுப்பே சிரித்தது. எந்த ரிசல்ட்டிலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. அடுத்த மாதம் கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் படம் போடும் கேள்விதான் வரும். திங்கட்கிழமைக்குள் பழையபடி 'முக்கியமான கேள்விகள்' தாளைக் கொடுத்துவிடச் சொல்கிறார் துறைத் தலைவர். கொடுத்தால் ஷாஃப்டை யாரும் தொடமாட்டார்கள். கொடுக்காமல் விட்டு, மதிப்பெண் குறைந்து யாருக்காவது வேலை கைநழுவிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சமாளித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.