பூசையில் வைத்த ரிவால்வர்

என்னிடம் ஒரு ரிவால்வர் இருந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கரப்பான் பூச்சியைக் கண்டாலே கத்துகிற ஆளிடம் ரிவால்வராம். சிரிக்கட்டும். எழுபதுகளின் நடுவில், சிட்னியில், வென்ட்வேர்த்வில் வீட்டு உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் திருகி இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. அனுமதிப்பத்திரம் என் பெயரில்தான். இதை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தக் காலத்திலும் கேள்விப்பட்ட அத்தனை பேரும், "உங்கட மனுசனுடையதோ?" என்றுதான் கேட்டார்கள்.

என் கணவருக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ரயில்வேயில் வரைபடம் வரைகிற வேலை அவருக்கு. குளியலறையில் சிலந்தி வந்தால் பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய் வேலியோரம் விட்டுவிட்டு வருவார். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பவள். இந்த நாட்டுக்கு வந்த அடுத்த வருடம், கூட வேலை செய்த ஒருத்தி தன் துப்பாக்கிக் கழகத்துக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். வேடிக்கை பார்த்தவள் அங்கத்தவராகிவிட்டேன்.

வாங்கப் போனபோது கடைக்காரர் மெல்லிய குழாய் வைத்த, சின்னக் குண்டு போடுகிற பிஸ்டல் ஒன்றைத்தான் காட்டினார். கழகத்தில் முக்கால்வாசிப் பேர் அதனால்தான் சுட்டார்கள். அதற்குப் பக்கத்தில் கட்டையாக, கறுப்பாக இது கிடந்தது. ஐந்து குண்டு மட்டும் கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குண்டும் என் சுண்டுவிரல் தடிப்பு. கைப்பிடி சின்னது, என் விரலுக்கு விசை எட்டியது. "அது பெண்களுக்குச் சரிவராது" என்றார் கடைக்காரர். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நான் சின்னதையே வாங்கியிருப்பேன்.

சொல்லக்கூடாது, அவர் சொன்னதில் பாதி உண்மை. துப்பாக்கி இலேசு, குண்டு பெரிது என்றால் அடி முழுவதும் கைக்குத்தான். முதல் வெடியில் என் இரண்டு கையும் நெற்றி மட்டத்துக்குப் போய்விட்டன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் உரிந்து, திங்கட்கிழமை பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கறி வெட்டும்போது பட்டதா என்று மேலதிகாரி கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பழகியது. விசையை இழுக்கக்கூடாது, மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். எப்போது வெடிக்கும் என்று எதிர்பார்த்தால் கை முந்திக்கொண்டு நடுங்கும். எதிர்பார்க்காமல் அழுத்துகிற அந்தச் சில விநாடிகளில் மண்டைக்குள் ஒன்றுமே இருக்காது. கோயிலிலும் எனக்கு அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. ஐந்தும் சுட்டு, சிலிண்டரைத் திறந்து, வெற்றுக் கோதுகளை உள்ளங்கையில் கொட்டும்போது அவை சுடும். அந்தச் சூடும் எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் விளையாட்டுக்கு. அனுமதிப்பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பயத்துக்காக என்று கேட்டால் தரமாட்டார்கள், விளையாட்டு என்றால் தருவார்கள். நான் விளையாட்டு என்று கையெழுத்து வைத்தேன்.

தமிழரைத் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கொழும்பில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் நின்று கத்தியபோது அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். அவருடைய கையில் இருந்தது குடை. அந்த வீட்டில் தேடி எடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவர்களோடு ஏதோ பேசித் திருப்பி அனுப்பியது. நாங்கள் தப்பினோம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தெருவில் யாராவது உரக்கப் பேசினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சிட்னிக்கு வந்தும், மதுக்கடை மூடிக் குடிகாரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனால் உட்கார்ந்துவிடுவேன். அந்த இரும்புப் பெட்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் அடித்துப் போட்டமாதிரித் தூங்கினேன். திறந்து பார்க்கக்கூட இல்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எழுபத்தேழில் ஊரில் மறுபடியும் கலவரம். என் தங்கை குடும்பம் கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. செய்தி வந்த கையோடு நான் கழகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் என்பதை இரண்டாக்கினேன்.  "போட்டு வாறன்" என்றால் கணவர் தலையாட்டுவார்.

அந்த ஒக்டோபரில் எனக்கு அனுமதி புதுப்பிக்க வேண்டியிருந்தது. உள்ளூர் பொலிஸிலிருந்து ஒருவர் வந்து, துப்பாக்கியைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போவார். இன்ன நாள் என்று சொல்லமாட்டார்கள். வந்தது ஆயுத பூசை அன்று.

நான் காலை வேலை முடித்து வந்து தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கணவர் பூசையை முடித்திருந்தார். சாப்பாட்டு அறை மூலையில் சரஸ்வதி படம், முன்னால் வெள்ளை விரிப்பு. விரிப்பில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், அவருடைய வரைகோல்கள், தையல் மெசின், குசினிக் கத்தி, கார்த் திறப்பு. நடுவில் என் ரிவால்வர். குழாயில் சந்தனம், கைப்பிடியில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ.

"என்னப்பா இது?" என்றேன்.

"எல்லாருடைய சாமானும் வைச்சனான். உம்முடையதையும் வைச்சன்."

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பெட்டியிருக்கும் பக்கமே திரும்பாத மனிதர் தானே திறப்பைத் தேடிப் பெட்டியைத் திறந்து, தன் கையால் எடுத்துச் சந்தனம் வைத்திருக்கிறாரே என்று மனம் குளிர்ந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது.

சார்ஜண்ட் வயதானவர், நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நான் வாய் திறக்கமுதல் அவருடைய கண் மூலைக்குப் போய்விட்டது.

"அம்மா, இது பெட்டிக்குள் அல்லவா இருக்கவேண்டும்?"

 பூசை, வருடத்தில் ஒரு நாள், தொழில் செய்கிற பொருள்களுக்கு ஓய்வு என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குண்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இப்போதே உள்ளே வைத்துப் பூட்டுங்கள், நான் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

கணவர் குறுக்கே வந்து நின்றார். "இன்றைக்குத் தொடக்கூடாது. நாளைக் காலைதான் எடுக்கலாம்" என்றார் ஆங்கிலத்தில். ஒருபோதும் குரல் உயர்த்தாதவர், பொலிஸ்காரருக்கு முன்னால்.

நான் பயந்துபோனேன். அனுமதி போனால் ரிவால்வர் போகும், ரிவால்வர் போனால் என் நித்திரை போகும். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூவைத் தட்டிவிட்டு எடுத்தேன். சிலிண்டரைத் திறந்து ஐந்து ஓட்டையும் வெறுமை என்று காட்டினேன். சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கொண்டுபோய்ப் பூட்டினேன். சார்ஜண்ட் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், திருகாணிகளைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இது இந்த வீட்டில் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இல்லை என்று ஒரே ஒரு சொல் போதும். கணவர் மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சம்மதம் என்றார். சார்ஜண்ட் கையெழுத்துப் போட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன விசரே? சும்மா கிடந்ததை எடுத்து வைச்சு என்னை மாட்டிவிடப் பாத்தனீங்களோ? ஏன் வைச்சனீங்கள்?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். விழுந்த பூவை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பூசையில வைச்சா நாளைக்கு விடியுமட்டும் ஒருத்தரும் தொடமாட்டினம். நித்திரையிலகூட நீரும் தொடமாட்டீர். ஒரு இரவெண்டாலும் கண்ணை மூடலாம் எண்டு நினைச்சன்."

"நீங்கள் நித்திரை கொள்ளுறேல்லையோ?"

"பிள்ளையள் இருக்கிற வீடு. நீர் நித்திரையில எழும்பி நடக்கிற ஆள். நான் உம்மைப் பாத்துக்கொண்டு கிடக்கிறனான்."

"அப்ப ஏன் அந்தாளுக்குச் சம்மதம் எண்டு சொன்னீங்கள்?"

"அது வந்த பிறகுதானே நீர் நித்திரை கொள்ளுறீர்."

 நித்திரையில் நடக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எத்தனை தரம் எழுப்பாமல் கையைப் பிடித்துக் கொண்டுவந்து படுக்கவைத்தாரோ.

பெட்டியைப் பூட்டிய திறப்பு இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் விரிப்பில், ரிவால்வர் இருந்த இடத்தில் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தொட்டு ஒரு பொட்டும் வைத்தேன். "சரியே?" என்றேன்.  அவர் பூவை அதன்மேல் வைத்தார்.

மறுநாள் காலை அவர்தான் பூசையைக் கலைத்தார். புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார், கத்தியைக் குசினியில் வைத்தார், திறப்பை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும். வாங்கினேன். வாங்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் வீக்கமும் குறைந்து, சாடையாக, கொஞ்சம் இளமையாக இருந்தார். இரண்டு வருடமாக நான் அதை வயது என்று நினைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையே கழக அறிவித்தல் பலகையில் விற்பனைக்கு என்று எழுதிப் போட்டேன். வாட்டசாட்டமான ஒரு மரத்தச்சர் அனுமதி எடுத்துக்கொண்டு வந்து வாங்கினார். முதல் வெடியில் அவருடைய கையும் நெற்றிக்குப் போனதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்தி.

என் பழைய வியாதி திரும்பிவந்தது, பொய் சொல்லமாட்டேன். தெருவில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் அவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். ரிவால்வர் இருந்த காலத்தில் இந்த மனிதர் குறட்டை விடமாட்டார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான்.