மெயில் மெர்ஜும் மாடி வீட்டு இசக்கிமுத்துவும்

போன ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே மூன்று பேருக்குப் பெர்மனென்ட் வேலை கொடுத்தேன். திங்கட்கிழமை காலை டிபனுக்குள் அதில் ஒருவருக்கு, இருந்த வேலையும் போயிற்று.

எழுதும்போதே பிரஷர் ஏறுகிறது. 'பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?' என்று விசாரிக்கும் வாசகிகளுக்கு: போடுகிறேன். இந்த வாரம் அது வேலை செய்யவில்லை.

என் மகள் நிவேதா பி.காம். முதல் வருடம். அதில் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்று ஒரு பேப்பர். கேட்டதும் எனக்கு நிம்மதி. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற பெண். கம்ப்யூட்டர் எல்லாம் அவளுக்கு எந்த மூலைக்கு?

அப்படித்தான் நினைத்தேன்.

வீடியோவை வெட்டி, பாட்டு சேர்த்து, என் மூக்கைச் சின்னதாக்கி ஸ்டேட்டஸ் போடத் தெரிந்தவளுக்கு, ஒரு ஃபைலை சேவ் பண்ணத் தெரியவில்லை. முதல் நாள் லேபில் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் டைப் அடித்திருக்கிறாள். அவள் மட்டுமா? அந்த வரிசையே அப்படித்தானாம். மவுஸை விட்டுவிட்டு மானிட்டரில் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்து, 'ஸ்கிரீன் வேலை செய்யல மேம்' என்று நான்கு பேர் புகார் வேறு.

"சேவ் பண்ணியாம்மா?" என்று கேட்டிருக்கிறார் லேப் மேடம்.

"அதுவே ஆயிடும் மேம்."

"எங்க ஆகும்?"

"எங்கியோ ஆவும் மேம்..."

ஒரு தலைமுறையே இந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது — எங்கியோ ஆவும்!

எப்படியோ தட்டுத் தடுமாறி மெயில் மெர்ஜ் வரை வந்துவிட்டாள். அது என்ன என்று கேட்டேன். ஒரே கடிதத்தை ஒரு தரம் டைப் அடித்தால் போதும். பெயர், முகவரி, தேதி மட்டும் ஒரு பட்டியலில் தனியாக இருக்கும். கம்ப்யூட்டரே ஆளுக்கு ஒரு கடிதம், ஆளுக்கு ஓர் உறை என்று பிரித்து அச்சடித்துவிடும். நூறு பேருக்கும் நூறு கடிதம். எல்லாம் தனக்கே எழுதியது போல இருக்கும்.

"கல்யாணப் பத்திரிகைக்கு ரொம்ப வசதி" என்றேன்.

"மா... இது ஆபீஸ் வேலைமா" என்றாள் கடுப்பாக.

ரெக்கார்டு நோட்டில் வைக்க மூன்று கடிதம், மூன்று உறை வேண்டும். ஏ.பி.சி., எக்ஸ்.ஒய்.இசட். என்று பெயர் போட்டால் மார்க் கட். நிஜப் பெயர், நிஜ முகவரிதான் வேண்டும். நிவேதா எங்கே போவாள்? மாடியில் ஏறிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் மூன்று பையன்களின் ஆதார் ஜெராக்ஸ் என் பீரோவில் இருந்தது. அதைப் பார்த்தே பெயர்களை எடுத்துக்கொண்டாள். முகவரி எங்கள் வீட்டு முகவரிதானே.

மூவரும் தெற்கத்திப் பையன்கள். ஒரகடம் பக்கம் ஆளுக்கொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த இசக்கிமுத்துதான் மூத்தவன். இருபத்தைந்து வயது. மூன்று வருடமாக அதே அசெம்பிளி லைனில் நிற்கிறான்.

நிவேதா தேர்ந்தெடுத்த கடிதம் எது தெரியுமா? வேலை நியமன உத்தரவு. கம்பெனி பெயர் என்.கே. இண்டஸ்ட்ரீஸ், ஒரகடம். (நிவேதா கே. — அவ்வளவுதான் கம்பெனி.) ஹெச்.ஆர். மேனேஜர் எஸ். திவ்யா. (பக்கத்து சீட்டுத் தோழி.) மூவருக்கும் சேரும் தேதி வேறு வேறாக இருந்தால் மேடம் மெச்சுவார் என்று இசக்கிமுத்துவுக்குத் திங்கள், மற்ற இருவருக்கும் புதன், வெள்ளி. அச்சடித்து, உறையில் போட்டு, அழகாக ஒட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மீதி ரெக்கார்டு எழுத ஞாயிறு காலையே திவ்யா வீட்டுக்குப் போய், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டாள்.

இப்போது நான் வருகிறேன்.

மாடிப் பையன்களுக்கு வரும் தபால், கூரியர் எல்லாம் என்னிடம்தான் வரும். ஷிஃப்டுக்குப் போனால் ரூம் பூட்டியிருக்கும். நான் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்து, அவர்கள் வந்ததும் கொடுப்பேன். அன்றும் மூன்று உறை இருந்தது. 'ஸ்டாம்ப் இல்லையே, யோசிக்கவில்லையா?' என்று கேட்காதீர்கள். உங்களுக்கு இப்போது வரும் எந்தக் கடிதத்தில் ஸ்டாம்ப் இருக்கிறது?

படியேறிப் போய் மூன்றையும் இசக்கிமுத்து கையில் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் கடைக்குப் போய் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு ஓடி வந்தான்.

"அக்கா, பெர்மனென்ட்க்கா! நாளைக்கே ஜாயினிங். உங்க கை ராசியான கைக்கா!"

"எந்தக் கம்பெனிப்பா? இன்டர்வியூ போனியா?"

"எத்தன கம்பெனி கேட்ல ரெஸ்யூம் குடுத்துருக்கோம்னு எங்களுக்கே தெரியாதுக்கா. ஏதோ ஒண்ணுல விழுந்துட்டு."

கடிதத்தை நானும் படித்தேன். ஹெச்.ஆர். மேனேஜர் திவ்யா என்று பார்த்துவிட்டு, "மேனேஜர் பொம்பளப் பிள்ளையா? பரவாயில்லையே!" என்று பாராட்டினேன். இரண்டு ஜாங்கிரியும் சாப்பிட்டேன்.

எங்கள் பகுதியில் வாட்ஸ்அப்பில் வரும் வேலையை யாரும் நம்புவதில்லை. அவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில், உறைக்குள், தன் பெயர் அச்சடித்து வந்தால்? அதுவும் வீட்டுக்கார அம்மா கையால் வந்தால்?

திங்கட்கிழமை காலை எட்டு மணி. திவ்யா வீட்டிலிருந்து திரும்பிய நிவேதா ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் ரெக்கார்டுமாக நிற்கிறாள்.

"மா, ஃபிரிட்ஜ் மேல மூணு கவர் வெச்சேனே, எங்கமா?"

"மாடிக்குக் குடுத்துட்டேனே."

"இன்னாது? அது என் மெயில் மெர்ஜுமா!"

அவசரமாக இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஷேர் ஆட்டோ சத்தம்.

"அக்கா, ஒரகடம் பூரா சுத்தியாச்சு. என்.கே.ன்னா எவனுக்கும் தெரியல. ஆட்டோக்கார அண்ணன் வேற, 'இன்னாபா, பாஞ்சு வருசமா இந்த ரோட்ல ஓட்டிக்கினு கீறேன், நான் பாக்காத கம்பெனியா?'ன்னு கோவப்படுதாரு."

"தம்பி... நீ உடனே வீட்டுக்கு வா."

"ஒம்பது மணிக்கு ஜாயினிங்க்கா..."

"ஜாயினிங் இல்லப்பா. அது நிவேதாவோட ஹோம் ஒர்க்."

ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். பிறகு மெதுவாக, "அக்கா... காலையில சூப்பர்வைசருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டேம்."

"லீவுன்னுதானே?"

"வேல வேண்டாம்னு. கூடவே... மூணு வருசமா மனசுல வச்சிருந்தது எல்லாத்தையும் சேத்துச் சொல்லிட்டேம்."

"எவ்வளவு சொன்ன?"

"நாலு நிமிசம்."

ஊரிலிருந்து வந்து, மூன்று வருடம் நின்றுகொண்டே உழைத்த ஒரு பையனின் பிழைப்பு, என் ராசியான கையால் போயிற்று.

சூப்பர்வைசர் நம்பரை வாங்கி நானே பேசினேன். அழாத குறை. ஆபீஸ் ஆட்டோமேஷனில் தொடங்கி, மெயில் மெர்ஜ், உறை, ஃபிரிட்ஜ் என்று வரிசையாக ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"அவன் பேசுனத கேட்டீங்களா மேடம்?" என்றார்.

"இல்லைங்க."

"கேக்காதீங்க. எங்க லைன்ல எல்லாரும் கேட்டாச்சு."

"சின்னப் பையன் சார். தப்பு என் மேல. அவன் வேலையை மட்டும்..."

"அது சரி மேடம். உங்க பொண்ணு இன்னும் லெட்டர் அடிக்குமா?"

"எதுக்கு சார்?"

"எனக்கு ஒண்ணு வேணும். நானும் கான்ட்ராக்ட்டுதான் மேடம். பதினோரு வருசமா."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. அந்த நாலு நிமிசத்துக்கு ஒரு வாரம் பெயின்ட் ஷாப் நாத்தத்துல போடுவேன். அதுக்கு அழக்கூடாதுன்னு சொல்லுங்க."

உயிர் வந்தது. ஆனால் பாதி உயிர்தான். மீதியை வாங்க இசக்கிமுத்து வந்து படியில் உட்கார்ந்தான். நிவேதா அன்றைக்குக் காலேஜுக்கே போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"விடு பாப்பா. நீ நல்லாத்தான் அடிச்சிருக்க. நாங்க மூணு பேரும் நம்புனோம்லா?" என்றான். அவன் அப்படிச் சொன்னதும் அவள் அழுகை அதிகமாயிற்று.

பிறகு என்னிடம், "நேத்தே அம்மாட்ட சொல்லிட்டேம்க்கா. தெரு பூராச் சொல்லிட்டாளாம். இப்பம் நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டா, குடிச்சிருக்கியான்னு கேப்பா. நீங்களே சொல்லுதியளா?" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"அப்பம் கம்பெனி கெடையாதா?" என்றார் அந்த அம்மா.

"இல்லைங்க."

"வேல?"

"பழைய வேலை இருக்குங்க. புதுசு இல்லைங்க."

"லெட்டரு?"

"லெட்டர் மட்டும் இருக்குங்க..."

திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏல இசக்கி! நேத்து வாசிச்சியே, உம் பேரு எப்பிடிப் போட்டிருக்குன்னு, அத இன்னொருக்க வாசி."

அவன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"டியர் மிஸ்டர் எம். இசக்கிமுத்து."

"மூணு வருசமா அங்கன கெடக்க. உன்ன மிஸ்டருன்னு ஒருத்தனாவது எழுதியிருக்கானால? அந்தப் பிள்ள எழுதியிருக்கு. அவள ஏசாத. லெட்டரயும் கிழிச்சிராத, பொங்கலுக்கு வரும்போ கொண்டா. அடுத்த வீட்டுக்காரிட்ட காட்டணும்."

இசக்கிமுத்து கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினான். மற்ற இருவரும் தங்கள் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டதால், நிவேதாவின் ரெக்கார்டில் ஒரு கடிதம்தான் குறைந்தது. இரண்டு மார்க் கட்.

இன்னொரு விஷயம். அந்த 'டியர் மிஸ்டர்' நிவேதா டைப் அடித்ததே இல்லையாம். லேப் மேடம் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் முன்னாடியே இருந்ததாம்... மாடிக்கு அதை மட்டும் நாங்கள் சொல்லவில்லை.