காரணம் சொல்லாத மொழி

சவரிநாதனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை, சிலிபினில் வாடகை வீடு. அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1974இல் கம்பெனியில் கணினித் துளையட்டைகளை அடுக்கும் ஆளாகச் சேர்ந்த சவரிநாதன், தபால் வழியில் படித்து நிரல் எழுதுபவரானார். சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுப்பவர் என்று அலுவலகத்தில் பெயர். அப்படியொரு பெயர் மனிதனுக்கு நல்லதுதானா என்று யாரும் யோசித்ததில்லை, அவரும்கூட.

1986இல் கம்பெனிக்குச் செயற்கை அறிவின்மேல் ஆசை வந்தது. ஒரு ரப்பர் மரத்துக்கு வேர் நோய் இருக்கிறதா, மருந்து போட்டால் போதுமா, சாய்த்துவிட வேண்டுமா என்று கணினி சொல்ல வேண்டும். கணினிக்கு அந்த அறிவைக் கொடுக்க, சவரிநாதனின் அம்மா வேலை பார்த்த அதே தோட்டத்திலிருந்து செல்லாயியைப் பிடித்தார்கள். நோய் மரம் பார்க்கும் தொழிலாளர் கும்பலில் இருபது வருடம் இருந்தவர். அவர் சொல்லுக்குத் தோட்டத்தில் மறுசொல் கிடையாது.

ஆறு சனிக்கிழமைகள் சவரிநாதன் நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னால் நடந்தார்.

“இலை மஞ்சளா இருக்கே அக்கா. நோய்தானே?”

“உனக்குந்தான் கண்ணு மஞ்சளா இருக்கு. சாச்சுடலாமா?” என்றார் செல்லாயி. “மண்ணு கெட்டாலும் இலை மஞ்சளாகும். தூரைத் தோண்டிப் பாரு. வேருல வெள்ளை நூலு ஓடுச்சின்னாதான் நோயி.”

“தோண்டலன்னா?”

“தோண்டலன்னா வாயத் தொறக்கக் கூடாதுலா.”

நோட்டுப் புத்தகத்தில் பாதிக்கு மேற்பட்ட குறிப்புகள் ‘தோண்டிப் பார்’ என்றே முடிந்தன.

இதை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. சவரிநாதனுக்குப் புரோலாக் என்ற மொழி பிடித்திருந்தது. செல்லாயி சொன்ன விதிகளை ஏறக்குறைய அவர் சொன்ன வடிவிலேயே அதில் வைக்கலாம். ஒரு முடிவு வந்தால், அது எந்த விதியால் வந்தது என்று கணினியையே சொல்ல வைக்கலாம். தெரியாததை இல்லை என்று எடுத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் அந்த மொழிக்கும் உண்டு. ஆனால் அது வெளியில் தெரிந்த குறை. காவல் போட்டுக்கொள்ள முடியும். இன்னொரு மொழி பேசிக். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த வரியிலிருந்து அந்த வரிக்குப் போ என்று ஏவினால் போகும். எந்த வழியாக வந்தோம் என்பதை, எழுதுபவர் தனியாகக் குறித்து வைக்காவிட்டால், அது சொல்லாது.

பிரிவின் தலைவர் ஆம்புரோஸ் கூட்டம் போட்டார். தட்டிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே புரோலாக் கையேட்டைப் புரட்டி, எண்ணெய் விரல்களை அதன் அட்டையிலேயே துடைத்தார்.

“ஈப்போவுல இது யாருக்குத் தெரியும், உன்னத் தவிர? நீ வேலைய விட்டுப் போயிட்டா?”

அது நியாயமான கேள்வி. அதோடு நிறுத்தியிருந்தால் அவரைக் குறை சொல்ல இடமில்லை.

“ஏன்னு கேட்டா இது பதில் சொல்லும் பாஸ்.”

“அதான் வேணாங்கிறேன். மிஷின்கிட்ட ஏன்னு கேட்டுப் பழகுனவன் நாளைக்கு என்கிட்டயும் கேப்பான். பேசிக்ல எழுது. அப்பறம், இது என்ன, பாதி எடத்துல தோண்டிப் பாருன்னு வருது? சங்குல் எடுத்து மண்ண வெட்டுன்னு சொல்றதுக்கா கம்ப்யூட்டர் வாங்குனோம்? தோண்டலன்னா நூல் இருக்குன்னே வச்சிக்க.”

“அப்ப எல்லா மரத்தையும் சாய்க்கச் சொல்லும்.”

“பதினோராம் காடு ரோட்டோரத்துல இருக்கு சவரி. வீடு கட்ட அந்த நெலத்தக் கேக்குறாங்க. புரோகிராம் தலைப்புல அந்தச் செல்லாயி பேரப் போட்டுடு. தோட்டத்து ஆளுங்க, அவங்க ஆளு சொன்னாதான் கேப்பாங்க.”

காடு என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு; அந்தக் காட்டில் நாற்பது குடும்பங்கள் பால் வெட்டின. செல்லாயி பிறந்ததே அவர்கள் நடுவில். மனிதன் தன் அறியாமையை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அவன் நேர்மை தெரியும். இங்கே அறியாமையையே சாட்சியாக்கி, அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயரை எழுதச் சொன்னார்கள். அதைப் பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னார்கள். சவரிநாதன் மூன்று வாரத்தில் எழுதி முடித்தார். பேசிக்கில்.

தோட்டத்து ஆபீசில் கணினிப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். தொழிலாளர்கள் ஜன்னல் வரை நின்றார்கள். திரையின் தலையில் செல்லாயியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கங்காணி சன்னாசி அதை உரக்கப் படித்தார். யாரோ கை தட்டினார்கள். பதினோராம் காட்டு மரம் ஒன்றின் விவரத்தைச் செல்லாயியிடம் கேட்டுக் கேட்டுச் சவரிநாதன் தட்டினார்.

“இலை?”

“மஞ்சள்.”

“வேருல நூல்?”

“தோண்டல,” என்றார் செல்லாயி.

அந்தக் கேள்விக்கு ஒன்றும் தட்டாமல் சவரிநாதன் அடுத்ததுக்குப் போனார். கடைசியில் சாய்க்கவும் என்று வந்தது. சன்னாசி அதையும் படித்தார்.

ஜன்னலோரத்தில் ஒருத்தி, “இத்தன வருசம் எங்க கூடத் தின்னுட்டு இதத்தான் சொல்லிக் குடுத்தியாக்கா?” என்றாள்.

செல்லாயி சவரிநாதன் பக்கம் திரும்பினார். “தம்பி, தோண்டாத மரத்துக்கு நோயின்னு நான் சொன்னேனா?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா,” என்றார் ஆம்புரோஸ்.

“நான் அவரக் கேட்டேன்.”

சவரிநாதன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்க சொல்லல அக்கா,” என்றார். “முன்னூத்தி நாப்பதாவது வரியில நான் எழுதுனது. தோண்டலன்னா நூல் இருக்குன்னு எழுதச் சொன்னாங்க, எழுதுனேன்.”

மறுநாளே கம்பெனி தலைப்பிலிருந்து செல்லாயியின் பெயரை எடுத்தது. முன்னூற்று நாற்பதாவது வரியை எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில், கணினியின் பரிந்துரைப்படி என்று ஒரு கடிதம் ஒட்டி, பதினோராம் காட்டைச் சாய்த்தார்கள். சவரிநாதனைத் தைப்பிங் கிளைக்கு மாற்றினார்கள். அன்று அவர் உண்மையைச் சொன்னதைத் துணிச்சல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகு வந்த உண்மைக்கு அந்தச் சொல் எனக்கு அதிகமாகப் படுகிறது.

தைப்பிங் போகுமுன் அவர் ஒருமுறை தோட்டத்துக்குப் போனார். சாய்ந்த மரங்களின் தூரடியில் செல்லாயி சங்குலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். இழுத்துப் போட்டிருந்த வேர்கள் ஒன்றிலும் வெள்ளை நூல் இல்லை.

“ஒங்க பேர எடுத்துட்டாங்க அக்கா.”

“தெரியும். எழுதுறப்பவே பொய்யின்னு தெரிஞ்சிதான எழுதுன?”

“ஆமா.”

செல்லாயி அடுத்த தூருக்குப் போனார்.